இளையோர் குரலும் தூதுவர் கடமையும்

கலை பிறக்கும் இடம் ஒன்று. அது பேசப்படும் இடம் மற்றொன்று. தெருமுனையில் பிறந்த கலை நாளடைவில் மன்றங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் செல்வர் இல்லங்களுக்கும் எடுத்துச் சொல்லப்படுகிறது. அவ்வாறு எடுத்துச் சொல்பவர் யார்? எவர் பொருட்டுச் சொல்கிறார்? சொல்லும்போது எதைக் கூட்டுகிறார், எதைக் குறைக்கிறார்? இவ்வினாக்கள் எந்நாட்டுக் கலைக்கும் பொருந்துவனவே. எனினும், அமெரிக்க நகரங்களில் ஹிப் ஹாப் கலையின் வழியே இளையோரைப் பயிற்றுவிக்கும் ஆதாயம் கருதா நிறுவனங்களின் செய்தித்தொடர்புப் பணியில் இவை மிகக் கூர்மையாக எழுகின்றன. ஆகவே அப்பணியை ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

ஹிப் ஹாப் என்ற சொல்லைக் கேட்டதும் நம் பெரியோருள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். வணிக நோக்கில் வெளியாகும் பாடல்கள் பலவற்றில் வன்சொல்லும், பெண்டிரை இழிவுபடுத்தும் சொல்லும் மலிந்துள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் சந்தைக்கு வந்த சரக்கைக் கொண்டு ஒரு கலை முழுவதையும் அளந்துவிடுதல் முறையன்று. 2018-இல் கென்ட்ரிக் லமாரின் ராப் இசைத் தொகுப்பு ஒன்றுக்கு இசைக்கான புலிட்சர் பரிசு வழங்கப்பட்டது. இக்கலையின் நடனக் கூறாகிய பிரேக்கிங் 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. மலேசியத் தமிழரான யோகி பி குழுவினர் 2006-இல் ‘வல்லவன்’ என்னும் தொகுப்பை வெளியிட்டது தொட்டு, நம் மொழியிலும் இது வேர்விட்டிருக்கிறது. எனவே இதனை அறியாது ஒதுக்குவதினும் அறிந்து மதிப்பிடுவதே கற்றோர்க்கு அழகு.

தோற்றக் களம்

நியூயார்க் மாநகரின் ஒரு பகுதி பிராங்க்ஸ். 1948-இல் இராபர்ட் மோசஸ் என்பாரின் திட்டப்படி அங்குத் தொடங்கப்பட்ட விரைவுச்சாலை, குடியிருப்புகளை ஊடறுத்துச் சென்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 1970-களில் தென் பிராங்க்ஸின் அடுக்குமாடிக் கட்டடங்கள் வரிசை வரிசையாகத் தீக்கிரையாயின. 1975-இல் மாநகராட்சிக்கு நேர்ந்த நிதி நெருக்கடியில் பள்ளிகளின் இசை, ஓவிய வகுப்புகளும் அடிபட்டன. இளைஞர் குழுக்கள் ஒன்றோடொன்று மோதிக் கொண்டிருந்தன.

1971 திசம்பரில், கெட்டோ பிரதர்ஸ் என்னும் குழு தன் சமாதானத் தூதுவராகக் கார்னெல் பெஞ்சமின் என்பவரை அனுப்பியது. மோதலைத் தணிக்கச் சென்ற அவர் கொல்லப்பட்டார். பழிக்குப் பழி என்று எழுந்திருக்க வேண்டிய குழு, அவ்வாறு எழவில்லை. அம்மாதம் 8-ஆம் நாள் ஹோ அவென்யூவில் பல குழுக்களும் கூடிச் சமாதானம் பேசின. ஒரு குழுவின் எல்லைக்குள் மற்றொரு குழுவினர் அச்சமின்றிக் கால்வைத்து இசை விருந்துகளுக்குச் செல்ல வழி பிறந்தது இதன் பின்னரே. ஹிப் ஹாப் வரலாற்றின் வாயிலில் தூதுவர் ஒருவரின் உயிர்த் தியாகம் நிற்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

1973 ஆகஸ்டு 11-ஆம் நாள், செட்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தின் பொழுதுபோக்கு அறையில் சின்டி கேம்பெல் என்னும் பெண் ஒரு விருந்து நடத்தினார். புதிய கல்வியாண்டுக்கு உடைகள் வாங்கப் பணம் திரட்டுவதே அவர் நோக்கம். ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்தவரான அவருடைய சகோதரர் கிளைவ், டி.ஜே. கூல் ஹெர்க் என்னும் பெயரில் அங்கு இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு சுழல்மேடைகளில் மாறி மாறி ஓட்டி, தாளம் மட்டும் ஒலிக்கும் இடைப்பகுதியை நீட்டிக் காட்டியது அவர் கண்ட உத்தி. அந்நாளே ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது.

துண்டறிக்கையும் கலையே

அந்த விருந்துக்கான அழைப்பு, சிறு அட்டைகளில் கையால் எழுதப்பட்டது. பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று கட்டணமும் குறிக்கப்பட்டது. ஆக, கலை பிறந்த அன்றே அதன் அறிவிப்பும் பிறந்துவிட்டது. பின்னாளில் படி எசுக்வயர், ஃபேஸ் 2 போன்ற ஓவியர்கள் விருந்துத் துண்டறிக்கைகளைத் தனிக் கலையாகவே வளர்த்தனர். நாள், இடம், கட்டணம், பாடுவோர் பெயர், அங்கு வந்து சேரும் வழி ஆகிய அனைத்தையும் ஒரே தாளில் அழகுற அடக்கினர். அன்று தெருவில் கையில் திணிக்கப்பட்டு, மறுநாள் காலடியில் மிதிபட்ட அத்தாள்களே இன்று அக்கால வரலாற்றின் முதன்மைச் சான்றுகள். கார்னெல் பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய ஹிப் ஹாப் தொகுப்பில் அவை போற்றிக் காக்கப்படுகின்றன.

இதனால் நாம் பெறும் உண்மை யாது? செய்தித்தொடர்பு என்பது ஹிப் ஹாப்புக்கு வெளியிலிருந்து ஒட்டப்பட்ட அலுவலகப் பணியன்று. அது அக்கலையின் உடன்பிறப்பு. அதனைச் செய்தவர்களும் அத்தெருவின் பிள்ளைகளே.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியையும் காண்போம். 1981-இல் ‘ஃபோர்ட் அப்பாச்சி, தி பிராங்க்ஸ்’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. தங்கள் ஊரைக் குற்றவாளிகளும் போதைக்கு அடிமையானோரும் மட்டுமே வாழும் காடாகக் காட்டுகிறது என்று பிராங்க்ஸ் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். ஐக்கிய பிராங்க்ஸ் பெற்றோர் அமைப்பின் நிறுவனர் எவலினா அன்டொனெட்டி அக்கிளர்ச்சியின் முன்னணியில் நின்றார். அவருடைய பேரர் ஜோ கான்சோ இளம் வயதிலேயே நிழற்படக் கருவியுடன் அதே தெருக்களில் திரிந்து, ஹிப் ஹாப்பின் தொடக்கக் காலத்தைப் படமாக்கியவர். ஒரே ஊர், ஒரே காலம். வெளியார் கருவி இடிபாட்டைக் கண்டது. உள்ளூர்ப் பிள்ளையின் கருவி, அவ்விடிபாட்டின் நடுவே பாடியும் ஆடியும் நின்ற மனிதரைக் கண்டது. இரண்டும் பொய்யல்ல என்று வாதிடுவோர் உளர். இடிபாடு உண்மைதான், அதை மட்டுமே காட்டுவது முழு உண்மை அன்று என்பதே நம் கருத்து.

இன்றைய நிறுவனங்கள்

இக்கலையையும் இதனோடு உறவுடைய மேடைக் கவிதையையும் கொண்டு இளையோரை வளர்க்கும் நிறுவனங்கள் பல அமெரிக்காவில் தோன்றின. சிகாகோவில் 1991-இல் யங் சிகாகோ ஆதர்ஸ், சான் பிரான்சிஸ்கோவில் 1996-இல் யூத் ஸ்பீக்ஸ், வாஷிங்டனில் வேர்ட்ஸ் பீட்ஸ் அண்ட் லைஃப் ஆகியன அவற்றுள் சில. யூத் ஸ்பீக்ஸ் 1998 முதல் பல நகரத்து இளங்கவிஞர்களை ஒரே மேடையில் கூட்டியது. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 2007-இல் இக்கலை வல்ல மாணவர்க்கென்றே உதவித்தொகையுடன் கூடிய திட்டமொன்றைத் தொடங்கிற்று.

இத்தகைய நிறுவனங்கள் பெரும்பாலும் வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவின்கீழ் அமைபவை. கொடையாளர்க்கு வரிச்சலுகை உண்டு. அதற்கு ஈடாக நிறுவனம் தன் வரவு செலவைக் கூறும் 990-ஆம் எண் படிவத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தல் வேண்டும். தேர்தல் வேட்பாளர் எவரையும் ஆதரித்தலோ எதிர்த்தலோ கூடாது. எனவே மேடையேறும் இளைஞன் ஆட்சியைச் சாடிப் பாடலாம். நிறுவனத்தின் செய்திமடல் வேட்பாளர் ஒருவருக்கு வாக்குக் கேட்கலாகாது. இந்நுண்ணிய எல்லையைக் காப்பதும் செய்தித்தொடர்பாளர் பொறுப்பே.

அவர் நாள்தோறும் செய்யும் பணிகள் வெளியார்க்குச் சிறியனவாகத் தோன்றும். செய்திமடல் எழுதுதல், பத்திரிகைக் குறிப்பு அனுப்புதல், சுவரொட்டி அமைத்தல், நிழற்படங்களைத் தேர்தல், ஆண்டறிக்கை தொகுத்தல், நிதிநல்கும் அறக்கட்டளைகளுக்கு விண்ணப்பம் வரைய உதவுதல், சமூக ஊடகக் கணக்குகளைப் பேணுதல் முதலியன அவை. ஆனால் இவை ஒவ்வொன்றிலும் ஒரு சிறுவனின் அல்லது சிறுமியின் பெயரும் முகமும் சொல்லும் கையாளப்படுகின்றன. நம் வழக்கில் அமானிதம் என்போமே, அத்தகைய அடைக்கலப் பொருள் இது. அதனைக் காப்பதில் மூன்று இடர்கள் எதிர்ப்படுகின்றன.

முதல் இடர்: துயரை விற்றல்

கொடையாளர் மனம் இளக வேண்டும். அதற்கு எளிய வழி, துயரக் கதை. தந்தை சிறையில் இருக்கிறார், தாய் இரு வேலை பார்க்கிறார், அண்ணன் சுடப்பட்டான் என்று தொடங்கும் ஒரு பக்கக் கதையும், அதன் அருகே ஒரு சிறுவனின் கண்கலங்கிய படமும் போதும், காசோலை வரும். ஆனால் அச்சிறுவன் கவிஞன் அல்லனா? அவன் எதுகையை எங்ஙனம் கையாண்டான், எத்தனை முறை திருத்தி எழுதினான் என்பன எங்கே போயின? கலை நிறுவனத்தின் அறிக்கையில் கலையே காணாமற்போவது விந்தையன்றோ!

டிரேபியன் ஷார்ட்டர்ஸ் என்பார் இதற்கொரு மாற்று நெறியைக் கூறி வருகிறார். ஒருவரை அறிமுகப்படுத்தும்போது அவருடைய நாட்டத்தையும் பங்களிப்பையும் முதலில் கூறுக. இடர்ப்பாடுகளை அதன் பின்னரே கூறுக என்பது அதன் சாரம். இடரை மறைக்கச் சொல்லவில்லை; இடரையே மனிதரின் பெயராக்காதே என்கிறார். கலிபோர்னியா மாநிலமும் 2019-இல் ஒரு சட்டம் இயற்றி, தன் கல்விச் சட்டத்திலும் தண்டனைச் சட்டத்திலும் ‘அபாயத்தில் உள்ள இளையோர்’ என்றிருந்த தொடரை ‘நம்பிக்கைக்குரிய இளையோர்’ என்னும் பொருள்படும் தொடராக மாற்றியது. சொல்லை மாற்றினால் சோறு கிடைக்குமா என்று கேட்கலாம். கிடைக்காது. ஆனால் இழிசொல்லால் அழைக்கப்பட்டுக்கொண்டே வளரும் பிள்ளை அச்சொல்லையே தன் எல்லையாக நம்பிவிடுகிறது. மொழி பயிலும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இரண்டாம் இடர்: சொல்லே சான்றாதல்

இது முன்னதினும் கொடிது. ராப் பாடலில் பாடுவோன் ‘நான்’ என்று பேசுவது, நாடகப் பாத்திரம் பேசுவது போன்றது. அகப்பாடலில் தலைவன் கூற்றைப் புலவரின் வாக்குமூலமாக எவரும் கொள்வதில்லை. ஆனால் அமெரிக்க நீதிமன்றங்களில் ராப் வரிகள் வாக்குமூலம் போன்றே முன்வைக்கப்பட்டதுண்டு. எரிக் நீல்சன், ஆண்ட்ரியா டென்னிஸ் ஆகிய இருவரும் 2019-இல் வெளியிட்ட ‘ராப் ஆன் டிரையல்’ என்னும் நூல் இவ்வழக்கத்தை விரிவாக ஆராய்கிறது. லூசியானாவைச் சேர்ந்த மேக் ஃபிப்ஸ் என்னும் பாடகர் மீது 2001-இல் நடந்த கொலை வழக்கில் அவர் பாடல் வரிகள் அரசுத் தரப்பால் எடுத்துக்காட்டப்பட்டன. 30 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்ற அவர் தம்மைக் குற்றமற்றவர் என்றே கூறி வந்தார். தண்டனைக் குறைப்புப் பெற்று 2021-இல் வெளிவந்தார். 2022 செப்டம்பரில் கலிபோர்னியா, கலைப்படைப்பைச் சான்றாக ஏற்குமுன் அதனால் விளையக்கூடிய ஒருதலைச் சார்பை நீதிபதி எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்று சட்டம் செய்தது. பிற மாநிலங்கள் அனைத்திலும் இத்தகைய காப்பு உண்டு என்று நம்பியிருத்தல் இயலாது.

இந்நிலையில், பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் திறந்த மேடையில் சினந்து பாடிய வரிகளைக் காணொளியாக்கி, முழுப் பெயரோடும் பள்ளியின் பெயரோடும் உலகறிய வெளியிடுவது பொறுப்புடைமை ஆகுமா? கைதட்டல் அன்று மாலையோடு அடங்கிவிடும், பதிவு அடங்காது. ஆகவே ஒப்புதல் என்பது ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோர் கையொப்பமிட்ட ஒரு தாளோடு முடிந்துவிடுவதன்று. எந்தப் படைப்பு, எங்கே, எவ்வளவு காலம், எந்தப் பெயரில் என்று ஒவ்வொரு முறையும் படைத்தவரிடமே கேட்டல் வேண்டும். பின்னொரு நாள் ‘எடுத்துவிடுங்கள்’ என்றால் மறுபேச்சின்றி எடுத்துவிடல் வேண்டும்.

மூன்றாம் இடர்: நிறுவனத்தின் பெயர் காத்தல்

தன் நிறுவனத்தின் நற்பெயரைக் காப்பது செய்தித்தொடர்பாளர் கடமையென்பர். உண்மையே. ஆனால் நிறுவனமே தவறிழைத்தால்? மேலே கூறிய சிகாகோ நிறுவனம் 2001-இல் தொடங்கிய இளையோர் கவிதை விழா, 2010-இல் ஆவணப்படமாகவும் வெளிவந்து புகழ்பெற்றது. ஆயினும், அங்குக் கற்பித்த ஒருவர் மீதான பாலியல் புகாரை நிருவாகம் கையாண்ட முறை குறித்து 2021-இல் பெருங்கண்டனம் எழுந்தது. இளங்கலைஞர்களே முன்னின்று விடை கேட்டனர். தலைமைப் பொறுப்பில் இருந்த இருவர் விலக்கப்பட்டனர். விழாவும் பின்னர் வேறு பெயர் பூண்டது. ‘அஞ்சாது பேசு’ என்று பிள்ளைகளுக்குக் கற்பித்த நிறுவனத்தை நோக்கியே அப்பிள்ளைகள் அஞ்சாது பேசினர். கற்பித்தது வீண்போகவில்லை என்று நாம் கொள்ளலாம். கேட்கவேண்டிய செவிகள் முன்னரே திறந்திருந்தால் அவ்வளவு துயர் நேர்ந்திராது என்றும் கொள்ளலாம். புகார் எழும்போது மெருகிட்ட அறிக்கையால் அதனை மூடுவது பெயர் காத்தல் ஆகாது. பிள்ளைகளைக் கைவிடுதலே ஆகும்.

யாருடைய தூதுவர்?

வள்ளுவர் தூது என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு உரை கண்ட பரிமேலழகர், தூதுவரைத் தாமே வகுத்துக் கூறுவார் என்றும், கூறியது கூறுவார் என்றும் இரு திறத்தினராகப் பிரிப்பார். செய்தித்தொடர்பாளர் இவ்விரு திறமும் உடையவர். கொடையாளரிடமும் பத்திரிகையாளரிடமும் நிறுவனத்தின் பணியை எடுத்துரைக்கையில் அவர் தாமே வகுத்துக் கூறலாம். இளையோரின் வாழ்வையும் வாக்கையும் எடுத்துரைக்கையிலோ, கூறியது கூறுவாராகவே நிற்றல் வேண்டும். இவ்விரண்டையும் மயங்கக் கொள்வதே முற்கூறிய இடர்களின் வேர்.

அடுத்து, தூதுவர்க்கு ஏவியவர் ஒருவர் உண்டு. இங்கு ஏவியவர் யார்? ஊதியம் தருபவர் நிருவாகக் குழுவினர். நிதி தருபவர் அறக்கட்டளையினர். ஆயினும் அந்நிறுவனம் எவர் பொருட்டுத் தோன்றியதோ அவ்விளையோரே உண்மையில் அவரை ஏவியவர் என்பது நம் துணிபு.

இதற்கு மறுப்பாக ஒன்று கூறுவர்: ‘கண்ணீர்க் கதை இல்லையேல் கொடை இல்லை; கொடை இல்லையேல் வகுப்பறைக்கு வாடகை இல்லை; அறம் பேசிக் கதவடைப்பதினும், சற்றே வளைந்து கதவைத் திறந்து வைப்பது மேலன்றோ?’ இம்மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. பசித்த வயிறு போலவே, நிதியற்ற நிறுவனமும் நெடுநாள் நிற்காது. ஆனால் துயரைக் காட்டிப் பெற்ற கொடை, அடுத்த ஆண்டு அதனினும் பெருந்துயரைக் கேட்கும். திறனைக் காட்டிப் பெற்ற கொடையோ, திறன் வளர்வதைக் காண மீண்டும் வரும். முன்னது இரவலுறவு, பின்னது பங்காளியுறவு. சில காசோலைகள் குறையினும் பின்னதைத் தேர்வதே நெடுநோக்கில் நிறுவனத்துக்கும் நலம்.

செய்யத்தக்கது

எழுதப்பட்டவர் படித்து ஒப்பிய பின்னரே எதுவும் அச்சேறுதல் வேண்டும். படைப்பைப் பற்றி எழுதுங்கால் படைப்பின் நுட்பம் முதலிடமும், வாழ்க்கைக் குறிப்பு அதன் பின்னிடமும் பெறுதல் வேண்டும். புகார் கூறவும் கேட்கவும் உரிய வழி ஒவ்வோர் அறிக்கையிலும் வெளிப்படையாக இருத்தல் வேண்டும். இவை யாவற்றினும் முதன்மையானது, அப்பணியையே இளையோர்க்குக் கற்பித்து அவர்கள் கையில் ஒப்படைப்பதாகும். அழைப்பட்டையைக் கையால் எழுதியவர்களும், துண்டறிக்கை வரைந்தவர்களும், படம் பிடித்தவர்களும் அன்று அத்தெருவின் இளையோரே. அன்று அவர்கள் செய்ததை இன்று உரிய ஊதியத்தோடு அவர்களின் வழித்தோன்றல்கள் செய்யட்டும். தன் கதையைத் தானே சொல்லத் தெரிந்தவனை எவரும் விற்க இயலாது.

இம்மலரைப் படிக்கும் மாணவருள் சிலர் நாளை பத்திரிகையிலோ, தொண்டு நிறுவனத்திலோ, கல்விக்கூடத்திலோ பிறர் வாழ்வை எடுத்தெழுதும் பணியை ஏற்கக்கூடும். பிராங்க்ஸ் தொலைவில் உள்ளது. ஆனால் எழியவர் படத்தை அறிக்கையின் அட்டையில் இடும் வழக்கம் தொலைவில் இல்லை. உதவி பெறும் பிள்ளையை மேடையில் நிறுத்தி, கொடுப்போர் நடுவே படம் பிடிக்கும் முன், அப்பிள்ளையின் முகத்தை ஒருகணம் நோக்குமாறு ஆசிரியர்களையும் பெரியோர்களையும் வேண்டுகிறோம். கொடுப்பவரின் பெயர் வாழ்தல் நன்று. பெறுபவரின் மானம் வாழ்தல் அதனினும் நன்று.